பிராய்லர் கோழியில் சால்மோனெல்லா: மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: டாக்டர் ஐயா, பாவூர்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு 5,000 கோழி கொள்ளும் ஷெட் ஒன்று இருக்கிறது. கம்பெனிக் குஞ்சு வாங்கி வளர்த்துக் கொடுக்கிறோம். போன மாதம் அக்கா மகனுக்கு (4 வயது) வாந்தி, பேதி, கடும் காய்ச்சல். பாளையங்கோட்டையில் சேர்த்தோம். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) சால்மோனெல்லா என்ற பாக்டீரியா என்று வந்தது, பாதி மருந்துக்கு மேல் கேட்காது என்றும் எழுதியிருந்தது. பிராய்லர் கறி தின்றதால்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதானா? வீட்டில் கறியை நிறுத்திவிடவா? பண்ணையில் நான் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

பதில்:

தம்பி, பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று எழுதவில்லையே. தேறி வீட்டுக்கு வந்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த கல்ச்சர் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். சால்மோனெல்லா என்பதற்குப் பக்கத்தில் டைஃபி அல்லது பாராடைஃபி என்று இருக்கிறதா? இருந்தால் அது டைபாய்டு வகை. டைபாய்டு கிருமி மனிதரிடம் மட்டும்தான் வாழும். கோழிக்கு அது வருவதில்லை, கோழியிலிருந்து நமக்கும் வருவதில்லை. சாக்கடை கலந்த தண்ணீரும் நோய் உள்ளவர் கைபட்ட சாப்பாடும்தான் அதன் வழி. அப்படி இருந்தால் கோழியை விட்டுவிட்டுக் குடிதண்ணீரைக் கவனியுங்கள். ஆனால் வாந்தி பேதியோடு தொடங்கியது என்று சொல்வதைப் பார்த்தால் மற்ற வகையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. சால்மோனெல்லாவில் 2,500-க்கும் மேல் வகைகள் உண்டு. அவற்றில் என்டரைட்டிடிஸ், டைஃபிமியூரியம் போன்றவை கோழிக் குடலில் தங்கி நமக்கு வயிற்றுப்போக்கைக் கொடுப்பவை. டைஃபிமியூரியம் என்ற பெயரைப் பார்த்து டைபாய்டு என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

சரி, கோழியால் வந்ததா? வந்திருக்கலாம். ஆனால் கொதித்த குழம்பிலிருந்து வந்திருக்காது. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி சூட்டைத் தொட்டால் சால்மோனெல்லா செத்துவிடும், அது மருந்து கேட்கிற கிருமியாக இருந்தாலும் கேட்காத கிருமியாக இருந்தாலும். நம் வீடுகளில் குக்கரில் விசில் விட்டோ மண்சட்டியில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டோ வைக்கிற குழம்பு அதைவிட எவ்வளவோ சூடானது. ஆகவே கறியை நிறுத்த வேண்டாம். பச்சைக் கறி எதில் எதில் பட்டது, பையன் கை எங்கெல்லாம் போனது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். "பாதி மருந்து கேட்காது" என்று எழுதியிருந்தது அல்லவா, எனக்கு அதிகக் கவலை அதில்தான். அதற்குப் பதில் அடுப்படியில் இல்லை, உங்கள் ஷெட் போன்ற ஷெட்டுகளின் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது.

ஊரில் பிராய்லர் என்றதும் "ஊசி போட்டு ஊதவைக்கிறான்" என்பார்கள். நீங்களே வளர்ப்பவர், அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். 5,000 கோழியைத் தினமும் பிடித்து ஊசி போட எந்த ஆள் கிடைப்பான்? 40 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்குக் காரணம் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனமும் மக்காச்சோளம், சோயா கலந்த தீவனமும்தான். ஹார்மோன் இல்லை. ஆனால் இந்த இல்லாத ஊசிக்குப் பயந்துகொண்டே, உண்மையாக நடக்கிற ஒன்றை நாம் கேட்காமல் விட்டுவிட்டோம்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஆலங்குளம் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போயிருந்தேன். 9-ஆம் நாள் குஞ்சுகள். ஒன்றுகூடத் தூங்கி விழவில்லை, எல்லாம் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. பண்ணைக்காரர் ஏணியில் ஏறி, மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, சின்டெக்ஸ் தொட்டியில் கொட்டி, ஒரு வேப்பங்கம்பால் கலக்கிக்கொண்டிருந்தார். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அது. "எதுக்கு அண்ணாச்சி இது?" என்று கேட்டேன். "பக்கத்து ஷெட்டுல சளி வந்துட்டு சார், அதான் நாம முந்திக்கிட்டோம்" என்றார். அளவு என்ன என்று கேட்டதற்கு, பொட்டலம் ஒன்றுதான் மீதி இருந்தது, அதைப் போட்டேன் என்றார். பக்கத்து ஷெட்டில் வந்தது வெள்ளைக்கழிச்சல் என்று இரண்டு நாளில் தெரிந்தது. அது வைரஸ் நோய். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. மருந்து வீண், ஆனால் 5,000 கோழிக் குடலிலும் இருந்த பாக்டீரியாக்களுக்கு மட்டும் அது மூன்று நாள் பயிற்சி ஆனது.

பயிற்சி என்று ஏன் சொல்கிறேன் என்றால், குடலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்கு அந்த மருந்தைத் தாங்கும் தன்மை முன்பே இருக்கும். அரைகுறை அளவு மருந்து கிடைக்கும்போது மற்றவை சாகும், தாங்குபவை மட்டும் மிஞ்சும். நல்ல சூட்டில், ஈரத்தில், ஒரு சால்மோனெல்லா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஏழு மணி நேரத்தில் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இன்னொன்று, இந்தத் தாங்கும் தன்மை பிள்ளைகளுக்கு மட்டும் போகிற சொத்து இல்லை. பிளாஸ்மிட் என்று ஒரு சிறு மரபுத்துண்டு உண்டு. ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றாகக் கொடுத்துவிடும். கோழிக்கு ஒன்றும் செய்யாத சாதாரண ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவிடமிருந்து சால்மோனெல்லா அதை வாங்கிக்கொள்ளும். ஒரே துண்டில் மூன்று நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால்தான் ஒரு மருந்தைத் தொட்டியில் ஊற்றினால், ஊற்றாத மருந்துகளும் சேர்ந்து கேட்காமல் போகின்றன.

இது புதிதாக வந்த சங்கதி இல்லை. 1972-இல் நமக்குப் பக்கத்து மாநிலத்தில், கோழிக்கோட்டில், டைபாய்டுக்கு அதுவரை கைகண்ட மருந்தாக இருந்த குளோரம்பெனிக்கால் கேட்காமல் போயிற்று. அந்த எதிர்ப்பு ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது என்று அப்போதே கண்டார்கள். அது மனிதர்களுக்குக் கொடுத்த மருந்தால் வந்தது, கோழியைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எதிர்ப்பு பரவும் வழி ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோழியிடம் ஆன்டிபயாடிக் வந்த கதை 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்தபின் மிஞ்சிய கழிவைக் குஞ்சுத் தீவனத்தில் சேர்த்துப் பார்த்த ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குஞ்சுகள் வேகமாக எடை ஏறுவதைக் கண்டார்கள். நோய்க்கு இல்லாமல் எடைக்காக மருந்து கொடுக்கும் பழக்கம் அங்கிருந்து உலகமெங்கும் போனது. ஸ்வீடன் 1986-இல் அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரியில் நின்றது. உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ரோஃப்ளாக்சசின் பற்றித்தான். கோழி உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறும். அது நம் ஊர் மருந்துக்கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த அதே சிப்ரோதான். அந்த மருந்தைக் கோழிப் பண்ணையில் கொடுக்கக் கூடாது என்று 2005-இல் அமெரிக்கா தடை செய்தது, மனிதருக்கு வேண்டிய மருந்து வீணாகிறது என்பதற்காக. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, இந்த மருந்துக் குடும்பத்துக்குக் கேட்காத சால்மோனெல்லாவும் அதில் இருந்தது.

கொலிஸ்டின் கதை இன்னும் மோசம். மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதையே குஞ்சுத் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். 2015-இல் சீனாவில் பன்றி, கோழி இறைச்சியில் கொலிஸ்டினைத் தாங்கும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் திருத்திய விதிகள் 2025 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கின்றன, கோழிக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளின் பட்டியல் அதில் நீண்டிருக்கிறது. உங்கள் ஷெட்டின் மூலையில் பழைய பொட்டலம் ஏதும் கிடந்தால் அதன் பெயரைப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு விதியும் உண்டு, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்துக் கோழியை வெட்டலாம் என்பதை உறையில் போட வேண்டும். ஒன்றும் போடவில்லை என்றால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று 2012-இல் விதி வந்தது. உங்கள் கோழி இருப்பதே 40 நாள். அப்படியானால் 12-ஆம் நாளுக்குப் பிறகு அந்த மருந்தைத் தொடவே கூடாது. கோழி ஏற்ற வண்டி வரும் வாரத்தில் "ஒன்றிரண்டு சாகுது" என்று மருந்து ஊற்றுவது எவ்வளவு பெரிய தப்பு என்று இதிலிருந்தே தெரியும். கறியில் தங்கிவிட்ட மருந்து கிருமி மாதிரி இல்லை, கொதித்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போடுவதாக நினைக்க வேண்டாம். குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, மருந்தும் அவர்கள் அனுப்புவது. சூப்பர்வைசர் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார். உங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி, அதிலும் சாவு கூடினால் கை வைப்பார்கள். அந்தப் பயத்தில்தான் தொட்டியில் மருந்து விழுகிறது. ஆனால் எதற்கு இந்த மருந்து, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று சூப்பர்வைசரைக் கேட்கவும், அதை அட்டையில் எழுதவைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

உங்கள் கோழியில் சால்மோனெல்லா இருந்தால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கோழியைக் கொல்லும் புல்லோரம், கேலினேரம் என்ற வகைகள் வேறு, அவை பொதுவாக நம்மை ஒன்றும் செய்வதில்லை. நம்மைப் படுக்கவைக்கும் வகையைக் குடலில் வைத்துக்கொண்டே கோழி நன்றாகத் தின்னும், நன்றாக எடை ஏறும். அது தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து முட்டை வழியாகவே வந்திருக்கலாம், பொரிப்பகத்தில் பக்கத்துக் குஞ்சிடமிருந்து தொற்றியிருக்கலாம். தீவனம், எலி, லிட்டருக்குள் (தரையில் பரப்பிய நார்த்தூளுக்குள்) ஓடும் கருவண்டு, கழுவாத கூண்டு எல்லாமே வழிதான்.

இங்கே ஒன்று சொல்ல ஆசை. நாட்டுக்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைக் குப்பைமேட்டில் பார்த்திருப்பீர்கள். தாய் கால்களால் கிளறும், குஞ்சு அதன் பின்னாலேயே போய்த் தாயின் எச்சத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் கொத்தும். அந்த எச்சத்தில்தான் குஞ்சுக்கு வேண்டிய நல்ல பாக்டீரியா இருக்கிறது. அவை குடலில் முதலில் இடம் பிடித்துவிட்டால், பின்னால் வரும் சால்மோனெல்லாவுக்கு உட்கார இடமில்லை. பிராய்லர் குஞ்சுக்குத் தாயே கிடையாது. வெறுங்குடலோடு அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது. பின்லாந்தில் 1971-இல் பிராய்லர் கோழிகளில் சால்மோனெல்லா பரவியபோது, நூர்மி என்பவர் வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவை ஒருநாள் குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் தாங்கின. 1973-இல் அதை வெளியிட்டார். இன்று கோழிக்குப் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) என்று உறையில் வருவதில் பலவற்றுக்கு அடிப்படை இதுதான். முதல் மூன்று நாள் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் இதற்கு நேர் எதிர். இடம் பிடிக்க வந்த நல்லதையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறோம். அதற்காக நாட்டுக்கோழியில் சால்மோனெல்லா இல்லை என்று எண்ண வேண்டாம், அதிலும் இருக்கும். கையாளும் கவனம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கோழிக்கடையில் கூட்டம் நெரியும். ஒரே மரக்கட்டை, ஒரே கத்தி, முக்கியெடுக்கிற வாளித் தண்ணீர் காலையில் பிடித்தது. ஒரு கோழியின் குடல் கிழிந்தால் அதற்குப் பின்னால் வெட்டுகிற எல்லாக் கறியிலும் அது ஏறும். போன வாரம் மகாராஜநகர் உழவர் சந்தைப் பக்கம் ஒருவரைப் பார்த்தேன். பைக் முன்கொக்கியில் கறிப்பை, அதே கொக்கியில் மல்லி, புதினாக் கட்டு. பையின் அடியில் ரத்தநீர் கசிந்து மல்லித்தழையில் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளை ஒரு கையால் அந்தப் பையைப் பிடித்திருந்தது, மறுகையில் முறுக்கு. கறி கொதிக்கும், சரி. மல்லி? அதைக் கடைசியில் பச்சையாகத்தானே குழம்பில் தூவுகிறோம்? கை முறுக்கை மாற்றிப் பிடிக்காமல் இருந்திருக்குமா? வண்டியை மறித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கறிக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் நம் ஊரில் கறியை வாங்கி வெளியே வைத்திருக்கவே கூடாது, நேராக அடுப்புக்கோ குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கோ போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி தூங்குமே தவிரச் சாகாது. கறியைக் கழுவவே கூடாது என்று வெளிநாட்டில் சொல்வார்கள், தெறிக்கும் தண்ணீரில் கிருமி பரவும் என்பதால். நம் வீட்டு அம்மாக்களிடம் அதைச் சொன்னால் நடக்காது, எனக்கும் தெரியும். ஆகவே குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவாமல், அகலப் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றிவிட்டுத் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். மஞ்சள், உப்பு போட்டால் கவிச்சி போகும், கிருமி போகாது. கறி அரிந்த அரிவாள்மணையில் அப்படியே வெங்காயம் அரிவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு. வெங்காயம், தக்காளியை முதலில் அரிந்து வைத்துவிட்டுக் கறியைக் கடைசியில் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சிறு பிள்ளைகளுக்கு ஆப்பாயில் வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததும் இந்தச் சால்மோனெல்லா போன்ற கிருமிகளை எண்ணித்தான்.

பையனுக்கு மறுபடி பேதி வந்தால் மருந்துக்கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். இந்த வகை வயிற்றுப்போக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும், உடம்புத் தண்ணீர் வற்றாமல் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்பதுதான் முக்கிய வைத்தியம். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி குடலில் இன்னும் அதிக நாள் தங்கக்கூடும். மலத்தில் ரத்தம், இறங்காத காய்ச்சல், சோர்ந்து கண் செருகுவது என்றால் உடனே ஆஸ்பத்திரி. கைக்குழந்தை, வயதானவர்கள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். எந்த மருந்து என்பதை கல்ச்சரைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். பேதி நின்ற பிறகும் சில வாரம் அவன் மலத்தில் கிருமி இருக்கும், கால் கழுவிவிடுகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பண்ணைக்கு நான் சொல்வது செலவு குறைந்த காரியங்கள்தான். தொட்டியையும் பைப்பையும் ஒவ்வொரு பேட்சுக்கு இடையிலும் கழுவுங்கள், உள்ளே வழவழவென்று படிந்திருப்பதில்தான் கிருமி குடியிருக்கும். குடிதண்ணீரில் குளோரின் போடுங்கள், ஆனால் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் போடாதீர்கள். தென்காசிச் சாரல் காலத்தில் நார்த்தூள் நனைந்து அம்மோனியா கிளம்பும், கோழிக்குச் சளி பிடிப்பதே பாதி அதனால்தான். கிளறிவிட்டு, சுண்ணாம்பு தூவி, பக்கப்படுதாவை அளவாகத் திறந்தால் அந்தச் சளிக்கு மருந்தே வேண்டாம். ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு, வாசலில் கிருமிநாசினித் தொட்டி. எருவைப் பச்சையாக வாழைத் தோட்டக்காரருக்குக் கொடுக்காமல் குவித்து, மூடி, நன்றாகச் சூடேறி மக்கவிட்டுக் கொடுங்கள். மருந்து தாங்கும் கிருமி வாய்க்காலில் இறங்குவது அந்தப் பச்சை எரு வழியாகத்தான்.

கோழி சாகத் தொடங்கினால் பொட்டலத்தைக் கிழிப்பதற்கு முன்னால், அப்போதுதான் செத்த இரண்டு மூன்று கோழிகளைப் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காலையிலேயே கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால் என்ன நோய் என்பது தெரியும். கல்ச்சர் வைத்தால் எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியும். வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் மருந்துக் காசு மிச்சம்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். குஞ்சு இறக்கும் நாளில் அந்தப் பையன் உங்கள் ஷெட்டுக்கு வருவானா? 4 வயதில் எந்தப் பிள்ளைக்கும் மஞ்சள் குஞ்சைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைக்காமல் இருக்க முடியாது. குஞ்சின் பஞ்சு மயிரிலும் காலிலும் ஒட்டியிருக்கும் எச்சமே அந்த வயதுப் பிள்ளைக்குப் போதும். நீங்கள் ஷெட்டிலிருந்து அதே லுங்கியோடு, அதே கையோடு போய் அவனைத் தூக்கியிருந்தாலும் போதும். வருத்தப்படச் சொல்லவில்லை, யாரும் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த பேட்ச் இறங்கும்போது அவன் கம்பிவலைக்கு வெளியே நின்று பார்க்கட்டும். நீங்கள் குளித்து, துணி மாற்றிவிட்டு வந்து அவனைத் தூக்குங்கள்.